புயலில் நொறுங்கிய கிளைடர்: ‘கடவுளின் செயல்’ என்று கிளப் கைவிரிக்கலாமா?

கேள்வி: நான் ஒரு கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) கிளப்பின் உறுப்பினர். என் சொந்தக் கிளைடரை மாதக் கட்டணம் செலுத்தி கிளப்பின் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிறுத்தியிருந்தேன். அண்மையில் வீசிய புயலில் ஹேங்கரின் கூரை பெயர்ந்து விழுந்து, அதன் ஓர் இறக்கையும் வால்பகுதியும் நொறுங்கிவிட்டன. வெளியே கட்டி வைத்திருந்த கிளப் கிளைடர் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கிளைடரை ஏற்றிச் செல்லும் என் டிரெய்லர்மீது மோதியது. புயல் எச்சரிக்கை முந்தைய நாளே வந்துவிட்டது. “இது கடவுளின் செயல். தவிர, உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்துவதாக நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்” என்கிறது நிர்வாகக் குழு. கூரையின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன என்று சொல்லி, கட்டடத்துக்கான இழப்பீட்டைக் கிளப்பின் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. இப்போது ஹேங்கரைச் சீரமைக்க எல்லா உறுப்பினர்களிடமும் சிறப்புக் கட்டணம் கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், இடிபாடுகளை அகற்ற விடாதீர்கள். சட்டம் பேசுவதற்கு முன் அந்தப் போல்ட்டுகள் உங்களுக்கு வேண்டும். அறுந்த கயிறு, அது கட்டப்பட்டிருந்த தரை வளையம், பெயர்ந்த கூரைத் தகடு ஆகிய எல்லாவற்றையும் கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். அப்படியே பாதுகாக்கும்படி நிர்வாகக் குழுவுக்கு எழுத்துமூலம் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் காற்றுவேகப் பதிவையும் எச்சரிக்கை வெளியான நேரத்தையும் வாங்கி வையுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதம் கிளப்புக்கு இடி. உங்களுக்கு அது சாட்சியம். “பராமரிப்பு இல்லாததால் கூரை போயிற்று” என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருக்கும்போது, “கடவுள்தான் காரணம்” என்று கிளப் சொல்வது எடுபடுவது கடினம். அந்தக் கடிதத்தின் நகலையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

‘கடவுளின் செயல்’ என்ற வாதம் இருக்கிறது. ஆனால் அதன் வாசல் மிகக் குறுகலானது. மனித முன்யோசனையால் எதிர்பார்க்கவோ, நியாயமான முயற்சியால் தடுக்கவோ முடியாத இயற்கை நிகழ்வாக அது இருக்க வேண்டும். 1876-ல் நிக்கோல்ஸ் எதிர் மார்ஸ்லாண்ட் வழக்கில், வரலாறு காணாத மழையில் செயற்கை ஏரிகளின் கரை உடைந்தபோது ஆங்கில நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. 1917-ல், ஒரு நீரோடையின் போக்கை மாற்றிய கிரீனாக் மாநகராட்சி தொடர்பான ஸ்காட்லாந்து வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதே தாராளத்தைக் காட்டவில்லை. கனமழை கனமழைதான், அதை எதிர்பார்த்தே நீரோடையைத் திருப்பியிருக்க வேண்டும் என்றது. ஒருநாள் முன்பே அறிவிக்கப்பட்ட புயலை எதிர்பாராதது என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்த ஒருநாளில் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. கிளைடரின் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் அடைப்பது பறப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. அதைச் செய்யாமல் கயிற்றை நம்பி வெளியே விட்டது ஏன் என்பதற்கு கிளப் பதில் சொல்ல வேண்டும். அதனால் டிரெய்லர் சேதம் குறித்த உங்கள் கோரிக்கை, கூரை விவகாரத்தைவிட எளிதாக நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஹேங்கர் விஷயத்தில் சிக்கலான முடிச்சு ஒன்று இருக்கிறது. கிளைடரை நீங்கள் கிளப்பிடம் ஒப்படைத்தீர்களா, அல்லது நிறுத்த இடம் மட்டும் வாடகைக்கு எடுத்தீர்களா? ஒப்படைப்பு என்றால், பொருள் சேதமானதும் ‘நாங்கள் தக்க கவனம் எடுத்தோம்’ என்று நிரூபிக்கும் சுமை கிளப்பின் தலையில் விழும். தக்க கவனம் எவ்வளவு என்பதை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 151-ஆம் பிரிவு சொல்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளுக்கு எடுக்கும் அளவு கவனம். ஆங்கிலச் சட்ட மரபு வழங்கும் பிற நாடுகளிலும் அடிப்படை ஏறத்தாழ இதுவே. வெறும் இட அனுமதி என்றால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 1937-ல் ஆஷ்பி எதிர் டால்ஹர்ஸ்ட் வழக்கில், கார் நிறுத்துமிடத்தில் காரை விட்டதை ஒப்படைப்பாக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே ஹேங்கர் சாவி யாரிடம் இருந்தது, உங்களைக் கேட்காமல் கிளப்பார் உங்கள் கிளைடரை நகர்த்துவார்களா, என்பதை எழுதி வையுங்கள். ஹேங்கரில் இடம் பற்றாமல் எல்லோர் விமானத்தையும் எல்லோரும் தள்ளி வைக்கும் கிளப்புகளில் ஒப்படைப்பு வாதத்துக்கு வலு கூடும்.

‘சொந்தப் பொறுப்பில்’ என்ற வாசகத்தைக் கண்டு உடனே பின்வாங்க வேண்டாம். இப்படிப்பட்ட விலக்குகளை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே படிக்கின்றன. ஐயம் இருந்தால் எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்கின்றன. ஆனால் பயனற்ற வாசகம் என்றும் சொல்ல மாட்டேன். கவனக்குறைவு தவிர வேறு எதற்கும் பொறுப்பேற்க வாய்ப்பே இல்லாத சூழலில், அது கவனக்குறைவையே விலக்குவதாகத் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. முழுப் படிவத்தையும் பார்க்காமல் இதில் உறுதியாகச் சொல்ல இயலாது.

அடுத்து, கிளப் பதிவு பெற்ற அமைப்பா என்று பாருங்கள். பதிவு பெறாத சங்கமாக இருந்தால், அதன் மீது வழக்குத் தொடுக்கும் உறுப்பினர் ஓரளவு தன் மீதே வழக்குத் தொடுப்பவராகிவிடுகிறார். அப்போது நிர்வாகக் குழுவினரையோ, பராமரிப்புப் பொறுப்பை ஏற்றவரையோ தனித்தனியாகக் குறிவைக்க வேண்டியிருக்கும். நாளை அவர்களுடனேயே பறக்க வேண்டும் என்பதால், வழக்குக்கு முன் சமரசப் பேச்சை நான் வற்புறுத்துவேன்.

சிறப்புக் கட்டணத்துக்கு விதிப் புத்தகமே விடை. 1903-ல் வைஸ் வழக்கில், பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் சொன்னது: விதிகள் வேறு விதமாகச் சொல்லாதவரை, கிளப் உறுப்பினரின் பணப்பொறுப்பு சந்தாவோடு முடிகிறது. பொதுக்குழுவுக்குக் கூடுதல் தொகை விதிக்கும் அதிகாரம் விதிகளில் இருக்கிறதா, முறைப்படி அறிவிப்பு கொடுத்துத் தீர்மானம் நிறைவேறியதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நன்கொடைதான், விரும்பினால் கொடுக்கலாம்.

உங்கள் கிளைடருக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே அறிவியுங்கள். தாமதம் மறுப்புக்கு நல்ல சாக்கு. தரையில் நிற்கும்போது ஏற்படும் சேதமும் டிரெய்லரும் அதில் அடங்குமா, மதிப்பு முன்கூட்டி ஒப்புக்கொண்டதா அல்லது சந்தை மதிப்பா என்று பாருங்கள். சில பாலிசிகளில் குறைவாகக் காப்பீடு செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்: 100 மதிப்புள்ளதை 60-க்குக் காப்பீடு செய்திருந்து 50 சேதமானால், 30 மட்டுமே கிடைக்கும். கண்ணாடி இழையாலான இறக்கையில் வெளியே தெரியாத பிளவு இருக்கக்கூடும். தகுதிபெற்ற பொறியாளர் சோதித்துப் பதிவேட்டில் எழுதும்வரை, ‘மேலோட்டமான கீறல்’ என்று யார் சொன்னாலும் பறக்காதீர்கள். அந்த அறிக்கைதான் உங்கள் இழப்பின் அளவுக்கும் ஆதாரம்.

காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்தால், கிளப்பிடமிருந்து அதை வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்குப் போகும். ஆகவே அதற்கு முன் கிளப்போடு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எதிலும் கையெழுத்திட வேண்டாம். அந்த வசூல் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டதாகச் சொல்லி உங்கள் இழப்பீட்டையே நிறுவனம் மறுக்கக்கூடும். பேச்சுவார்த்தைக்குப் போவதாக இருந்தாலும், நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்ற பிறகே போங்கள்.