கோபமே இல்லாத பாட்டு எப்படிக் கலகப் பாட்டாகும்?

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஜமைக்காவின் ரெகே பாடகர் பர்னிங் ஸ்பியரின் ‘மார்க்கஸ் கார்வி’ ஆல்பத்தைப் பற்றி இருபது நிமிடம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். கலக இசை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாலைந்து முறை கேட்டும் எனக்குத் தாலாட்டு மாதிரிதான் இருக்கிறது. கத்தலும் இல்லை, கோபமும் இல்லை. இதில் கலகம் எங்கே இருக்கிறது என்று சொல்வது?
– வாசகி, திருச்சி

பதில்: தாலாட்டு மாதிரி இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள். பேச்சையே அங்கிருந்து தொடங்குங்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தோன்றப்போகிறது.

எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால் இன்னொரு முறை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ராபி ஷேக்ஸ்பியரும் ஆஸ்டன் பாரட்டும் வாசித்த பேஸ் கிட்டார்தான், அந்தக் கனத்த அடிநாதம்தான், இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. போனில் அது காதுக்கே வராது, மெல்லிய குரல் மட்டும் மிஞ்சும். அது தாலாட்டாகத்தான் தோன்றும்.

சரி, கலகத்துக்கு வருவோம். ‘ஸ்லேவரி டேஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய ஒரே ஒரு கேள்விதான்: அடிமை நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பர்னிங் ஸ்பியர் என்ற பெயரில் பாடும் வின்ஸ்டன் ராட்னி அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ரூபர்ட் வில்லிங்டனும் டெல்ராய் ஹைண்ட்ஸும் பின்னால் குரல் கொடுக்கிறார்கள். ஜமைக்காவில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1838இல். இந்த ஆல்பம் வந்தது 1975இல். இடையில் 137 வருடம். அடிமையாக வாழ்ந்தவர் ஒருவர்கூட உயிரோடு இல்லாத காலத்தில், நேற்று நடந்ததைக் கேட்பதுபோல “நினைவிருக்கிறதா” என்கிறார். 1962 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு அது. கேட்பவர்கள் அந்த ஆட்சியின் பள்ளிக்கூடங்களில் படித்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் போய், உன் பாட்டனின் முதுகில் விழுந்த அடியை நீ மறக்கக் கூடாது என்று சொல்வதை நான் கலகம் என்றுதான் சொல்வேன். அதற்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்கிறார், நம்மால் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியவில்லை.

மார்க்கஸ் கார்வியின் வாழ்க்கை வரலாற்றைப் பத்து நிமிடம் வாசிக்காதீர்கள், கூட்டம் தூங்கிவிடும். இவ்வளவு போதும்: 1887இல் ஜமைக்காவில் செயின்ட் ஆன்ஸ் பே என்ற ஊரில் பிறந்தார். உலகெங்கும் சிதறிய கறுப்பின மக்களை ஒன்றுசேர்க்க இயக்கம் கட்டினார். அவர்களுக்கென்று ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்ற கப்பல் நிறுவனமே நடத்தினார். அந்தக் கப்பல் நிறுவனத்தின் பங்குகளை விற்றதை வைத்து மோசடி வழக்குப் போட்டு அமெரிக்கா அவரைச் சிறையில் அடைத்தது, 1927இல் நாடு கடத்தியது. 1940இல் லண்டனில் இறந்தார். அந்த வழக்கில் அமெரிக்க அதிபரின் மன்னிப்பு வந்தது 2025 ஜனவரியில்தான்! ராட்னியும் அதே செயின்ட் ஆன்ஸ் பேக்காரர். தன் ஊர்க்காரரைப் பற்றிப் பாடுகிறார் என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் ‘ஓல்ட் மார்க்கஸ் கார்வி’. 1865இல் ஜமைக்காவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மோரன்ட் பே கிளர்ச்சிக்காகத் தூக்கிலிடப்பட்ட பால் போகிள் தொடங்கி, அரசியல் தலைவர்கள் மேன்லி, புஸ்டமன்டே வரை பெயர்களை அடுக்கிவிட்டு, கிழவர் கார்வியை மட்டும் யாரும் நினைப்பதில்லை என்கிறார் ராட்னி. இத்தனைக்கும் 1964லேயே கார்வியின் உடலை ஜமைக்காவுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தாகிவிட்டது, தேசிய வீரர் பட்டமும் கொடுத்தாகிவிட்டது. பட்டம் கொடுத்தவர்கள் அவர் சொன்னதைச் செய்யவில்லை என்பதுதான் ராட்னியின் குற்றச்சாட்டு. ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே சாப்பிடச் சோறில்லை, செலவுக்குக் காசில்லை, கார்வி சொன்னது பலித்துவிட்டது என்று பாடுகிறார். விடுதலை கிடைத்துப் பதின்மூன்று வருடம் ஆன நாட்டில் வந்த பாட்டு இது. இந்த ஒரு வரியை அழுத்திச் சொல்லுங்கள்.

ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜாக் ரூபி, ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸ் ஊரில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஒலிபெருக்கிகள் வைத்துக் கூட்டத்துக்குப் பாட்டுப் போடும் குழு) நடத்தியவர். ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் இதை இங்கிலாந்தில் வெளியிட்டபோது, வெள்ளைக்கார ரசிகர்களுக்குத் தோதாக ஒலிக்கலவையை மாற்றி மெருகேற்றியது. ராட்னிக்கு அது பிடிக்கவில்லை. பிறகு சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். யாராவது “இவ்வளவு மென்மையா?” என்று கேட்டால் இதையும் சொல்லலாம்.

கடைசி ஐந்து நிமிடத்தில் பேச வேண்டாம். ‘ஸ்லேவரி டேஸ்’ பாட்டை முழுதாகப் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸ் நன்றாகக் கேட்கும் ஒரு பெட்டியை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.