மிதக்கும் ஃப்ளையில் கடல்மீன்: கேளுங்கள், சொல்கிறேன்

கடலில் மிதக்கும் ஃப்ளை (கொக்கியில் நூல், ஃபோம் எல்லாம் கட்டிச் செய்யும் போலி இரை) போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அண்ணா, பாப்பர், ஸ்லைடர், கர்க்லர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதலில் எதை எடுப்பது?

கர்க்லர். யோசிக்கவே வேண்டாம் தம்பி. பாப்பருக்கு முகம் தட்டையாகவோ குழிவாகவோ இருக்கும், சுண்டினால் தண்ணீரை முன்னால் தள்ளி 'ப்ளக்' என்று சத்தம் போடும். ஸ்லைடருக்கு மூக்கு கூர், சத்தமில்லாமல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வரும். கர்க்லர் இரண்டுக்கும் நடுவில். ஜாக் கார்ட்சைடு என்ற அமெரிக்கர் உருவாக்கியது, ஒரு ஃபோம் பட்டையை முதுகின் மேல் மடித்துக் கட்டி முன்னால் சின்ன உதடு விட்டிருப்பார், அவ்வளவுதான். எடை குறைவு, வீச சுலபம், தண்ணீரில் தாழ்ந்து உட்காரும். அந்தத் தாழ்ந்து உட்காருவதுதான் முக்கியம், ஏன் என்று அடுத்த பதிலில்.

கே: தண்ணீர் வெடிக்கிறது, மீன் முதுகுகூடத் தெரிகிறது, ஆனால் மாட்டவே இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

இதை மட்டும் ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். தப்பு கையில் இல்லை, கண்ணில். வெடித்ததைப் பார்த்ததும் கை தானாக ராடைத் தூக்கிவிடுகிறது, அந்த நேரம் மீன் வாயை மூடியிருக்காது, பல தடவை ஃப்ளையைத் தொட்டிருக்கவே செய்யாது. தூக்கினால் ஃப்ளை பறந்து உங்கள் முகத்துக்குத்தான் வரும். வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் இழுத்துக்கொண்டே இருங்கள். கனம் கையில் தெரிந்த பிறகு, ராடு நுனியைத் தாழ்த்தியபடியே, லைன் பிடித்த கையால் நீளமாக ஒரு இழுப்பு. ராடைத் தூக்குவதெல்லாம் அதற்கு அப்புறம். எனக்கு இது பழக ஒரு முழு சீசன் ஆனது. சொன்னால் சிரிப்பீர்கள், ஃப்ளையைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்த அன்றைக்குத்தான் வரிசையாக மாட்டின.

இன்னொரு காரணமும் உண்டு. கொடுவா மாதிரி மீன்கள் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பெரிய பாப்பர் தக்கை மாதிரி உயர்ந்து மிதந்தால் அது உள்ளே போகாது, மீன் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரே அதை ஒதுக்கியும் விடும். சின்னதாக, தாழ்வாக மிதப்பதைப் போடுங்கள். தவறவிட்டதா? உடனே எடுத்து மறுபடி வீசாதீர்கள், அப்படியே விட்டு லேசாக ஒரு அசைவு கொடுங்கள், பெரும்பாலும் திரும்பி வரும். பாறை மீன் மட்டும் இதற்கு நேர் எதிர். துரத்த ஆரம்பித்த பிறகு ஃப்ளையை நிறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும், வேகத்தைக் கூட்டுங்கள்.

கே: லைன் மிதக்க வேண்டுமா, இன்டர்மீடியட் போதுமா சார்? லீடருக்கு ஃப்ளோரோகார்பன்தானே நல்லது?

மிதக்கும் லைன்தான் வசதி, மறுபடி வீச லைனைத் தண்ணீரிலிருந்து சுலபமாக எடுக்கலாம். அலை அதிகமுள்ள இடத்தில் மட்டும் இன்டர்மீடியட்டுக்கு (மெதுவாக மூழ்கும் லைன்) ஒரு நியாயம் இருக்கிறது: அது அலைக்குக் கீழே இறங்கி நேராக நிற்பதால் லைன் தொய்வதில்லை. ஆனால் இழுக்கும்போது ஃப்ளையின் மூக்கு முங்கும். லீடர் என்பது லைன் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய இழை, அதற்கு ஃப்ளோரோகார்பன் வேண்டாம். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025, நைலான் 1.14 பக்கம், ஃப்ளோரோகார்பன் 1.78. இழுத்துக்கொண்டு கீழே போகத்தான் செய்யும். நைலான், 7 முதல் 9 அடி, முனையில் லூப் முடிச்சு. இறுக்கி முடிச்சுப் போட்டால் ஃப்ளை விறைப்பாக வரும்.

கே: மதியம் போகலாமா?

போகலாம், வெயில் காயலாம். விடியல், அந்தி, மேகம் மூடிய நாள், இதெல்லாம்தான் நேரம். ஆழம் ஆளுயரத்துக்கு மேல் போகாமல், நீர் ஏறிக்கொண்டோ வற்றிக்கொண்டோ இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரில் பாப்பரைப் போட்டுச் சத்தம் கிளப்பாதீர்கள், ஸ்லைடர் போதும். பொதுவாகவே எல்லாரும் தேவைக்கு மேல் சத்தம் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கே: அண்ணே, பால்கெண்டை மேலேயே வாயைத் திறந்துகொண்டு மேய்கிறது, பாப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்காது. அது தின்பது மிதக்கும் பாசியும் நுண்ணுயிர்களும். பச்சை நூலில் பாசித் துணுக்கு மாதிரி கட்டி, மேய்கிற வரிசைக்கு முன்னால் போட்டு, ஓட்டத்தோடு விட்டுவிடுங்கள். இழுக்கவே கூடாது. லைன் அதை ஒரு பக்கமாக இழுத்தால்கூட ஒதுங்கிப் போகும். பொறுமை இல்லாதவர்கள் பாறையைப் பார்த்துப் போங்கள்.

கே: 8 வெயிட் ராடில் பெரிய பாப்பர் போகவே மாட்டேன் என்கிறது, காற்று வேறு.

காற்றைப் பிடிக்கிற பொருள் அது அக்கா, ராடைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்று ஃப்ளையைச் சின்னதாக்குங்கள், அல்லது 9, 10 வெயிட்டுக்குப் போங்கள், எண் கூடினால் ராடு வலுவானது என்று அர்த்தம் (ராட்சதப் பாறைக்கு 12 வேண்டும்). தலை கனமாக இருந்து முனையில் சட்டென்று மெலியும் (குட்டை டேப்பர்) லைன் உதவும். வேகமாக அடிக்காமல், வீசும்போது லைன் காற்றில் வளைந்து போடும் லூப்பைக் கொஞ்சம் அகலமாக விட்டு வீசுங்கள். நீங்கள் ராடு வீசுகிற கைப்பக்கமிருந்து காற்று வந்தால் கொக்கி காதில் ஏறும், நின்ற இடத்தை மாற்றுங்கள். கண்ணாடி கட்டாயம்.

கே: பழைய ரப்பர் செருப்பை வெட்டி பாப்பர் செய்யலாமா?

தாராளமாக. உள்ளே காற்றறைகள் ஒன்றோடொன்று சேராத ஃபோம் என்றால் தண்ணீர் குடிக்காது, அதுதான் வேண்டியது. ஒரு துண்டைத் தண்ணீரில் பிழிந்து பாருங்கள், கனம் கூடினால் தூக்கிப் போடுங்கள். கொக்கியின் வாயை ஃபோம் அடைத்துவிடாமல், தண்டை ஃபோமின் அடிப்பக்கமாக ஒட்டுங்கள். நடுவில் செருகினால் பார்க்க அழகாக இருக்கும், மீன் மாட்டாது.

கே: சீலா லீடரை அறுத்துக்கொண்டு போகிறது.

கம்பி. 10, 15 செ.மீ. போதும், நீளம் கூடினால் ஃப்ளை மூக்கைக் குத்தும்.

கே: உப்பு?

அன்றைக்கே நன்னீரில் ரீல், லைன், ஃப்ளை எல்லாம் கழுவிவிடுங்கள். ஈர ஃப்ளையைப் பெட்டியில் மூடி வைத்தால் பக்கத்தில் இருக்கும் புதுக் கொக்கிகளும் சேர்ந்து துருப்பிடிக்கும், என் பெட்டியில் ஒரு வரிசையே அப்படிப் போனது.