துனி மினுயியும் பஃபியும்

"அமானுஷ்யத் தொடர்களில் வரும் வீரப் பெண்கள் உங்களை எந்த விதத்திலாவது மாற்றினார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மொரீஷியஸ்காரி, ரோஸ்ஹில்லில் தமிழ் டீச்சர். பதிலை 1994-இலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

அந்தப் பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் இருண்டு கிடந்தோம். அப்போது கிளம்பியதுதான் 'துனி மினுயி' புரளி. நடுராத்திரியில் அம்மணமாக வருவானாம், ஓநாயாக மாறுவானாம், பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்து நுழைவானாம். அப்பாவும் சித்தப்பாவும் கரும்பு வெட்டும் கத்தியோடு வாசலில் காவல். உள்ளே அம்மா தையல் மெஷினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். எனக்குப் பத்து வயது. கொல்லைப்புறம் போகக்கூட விடவில்லை.

சில வருடம் கழித்து, டிவியில் பிரெஞ்சு டப்பிங்கில் பஃபி வந்தாள், ராத்திரியில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளிக்கூடப் பெண். அமெரிக்காவில் 1997 முதல் 2003 வரை ஓடிய தொடர். திகில் படங்களில் இருட்டுச் சந்தில் மாட்டிச் சாகிற பெண் திருப்பி அடித்தால் எப்படியிருக்கும்? ஜாஸ் வீடன் அந்த யோசனையில் உருவாக்கியது. அவள் அடித்த அடியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பொழுது சாய்ந்தபின் ஒரு பெண் தனியாக வெளியே போகிறாள், போவதே அவள் வேலை என்பதுதான் வியப்பு. "ராத்திரியில் கல்லறையைச் சுற்றுகிறாளே, கேட்க ஆளில்லையா?" என்று அம்மா முணுமுணுப்பார்.

குறையும் உண்டு. எங்களைப் போலத் தீவுக்காரப் பேச்சோடு வந்த கறுப்பினப் பெண் கெண்ட்ரா. அவளும் ரத்தக்காட்டேரி வேட்டைக்காரிதான். மூன்றே எபிசோடில் கொன்றுவிட்டார்கள். இன்றும் ஆறவில்லை. கடைசி எபிசோடில்தான் ஓரளவு ஈடுகட்டினார்கள்: தலைமுறைக்கு ஒருத்திக்கே சக்தி என்று அந்தக் காலத்து ஆண்கள் வைத்த விதியை உடைத்து, தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் அதைப் பகிர்ந்து கொடுப்பாள் பஃபி. எங்கள் ஊர் தீமிதியில் திரௌபதி அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அம்மன் சாமி. பஃபி பரீட்சைக்குப் பயப்படுவாள், பர்கர் கடையில் வேலை பார்ப்பாள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது சீசனில் பஃபியின் அம்மா இறந்துபோவார். பேயால் அல்ல, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து. சோஃபாவில் கிடப்பார், பஃபி "அம்மா, அம்மா" என்பாள். பின்னணி இசையே கிடையாது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. முடிந்ததும் ஒன்றுமே சொல்லாமல் தோலை வாரிப் போட்டுவிட்டு வந்தார்.

"அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்றார்.