பெரிய டர்போ போட்டாச்சு, ஸ்டால் எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி: 2001 டாட்ஜ் ராம், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், ஆட்டோமேட்டிக் கியர். டர்போவைப் பெருசா மாத்தினதுல இருந்து சிக்னல்ல கிளம்பும்போது கறுப்புப் புகைதான் வருது, வண்டி நகர மாட்டேங்குது. டிரெய்லரும் இழுப்பேன். ஸ்டால் ஸ்பீடு எவ்வளவு வைக்கணும் சார்?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: கியர்ல போட்டு, வீல் அசையாம பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா இன்ஜின் எந்த ஆர்பிஎம்ல போய் முட்டி நிக்குதோ அதாங்க ஸ்டால். இன்ஜினுக்குள்ள காத்தைத் தள்ளுற டர்போ பெருசா இருந்தா, அது சுத்த நிறைய எக்ஸாஸ்ட் வாயு வேணும், உங்க கன்வர்ட்டரோ (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா ஆட்டோமேட்டிக் கியருக்குக் கடத்துற பாகம், ஸ்டாலை முடிவு பண்றது இதுதான்) இன்ஜினை அந்த அளவுக்கு ஏறவிடாம அமுக்குது, காத்து வர்றதுக்கு முன்னாடியே டீசல் உள்ள போயிடுது, அதான் புகை.

அதுக்காக ரேஸ் ஓட்டுற பெட்ரோல் கார்க்காரங்க மாதிரி 3000, 3500னு போயிடாதீங்க. உங்க இன்ஜின் ஓட்டமே 3200 பக்கம் முடிஞ்சுடும், இழுவையெல்லாம் 1600 சுத்திதான் இருக்கு. டிரெய்லர் இழுக்கிறவருக்கு 1800லிருந்து 2000க்குள்ள போதும்ங்கிறது என் கணக்கு. மேல போனா லாக்கப் (கன்வர்ட்டர் வழுக்காம இன்ஜினையும் கியரையும் நேரா பூட்டுறது) விழாத நேரமெல்லாம் ஸ்லிப் ஆகும், மேடு ஏறும்போது கியர்பாக்ஸ் ஆயில் கொதிச்சுடும்.

இன்னொன்னு, கன்வர்ட்டர்க்காரர் சொல்ற நம்பர் ஒண்ணும் கல்வெட்டு இல்ல, டார்க் (இழுவை) கூடுன இன்ஜின்ல அதே கன்வர்ட்டர் இன்னும் மேல போய்த்தான் நிக்கும். அதனால டர்போ சைஸ், டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர், டிரெய்லர் எடை மூணையும் சொல்லி ஆர்டர் பண்ணுங்க. ஸ்டால் டெஸ்ட் பண்றதா இருந்தா 5 செகண்டுக்கு மேல மிதிக்காதீங்க, உடனே நியூட்ரல்ல போட்டு ஆறவிடுங்க.