சின் உண்ட் பெடாய்டுங் என்ற பொருண்மையியல் (மொழியில் பொருளை ஆராயும் துறை) கருத்தரங்கில் நிராகரித்த ஆய்வுச் சுருக்கத்தை, அதே துறையின் இன்னொரு கருத்தரங்கான சால்ட்டுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அதே இரண்டு பக்கத்தை அப்படியே அனுப்பாதீர்கள். "தரவு முடிவைத் தாங்கவில்லை" என்று மதிப்பீட்டாளர் எழுதியதாகச் சொல்கிறீர்கள், சால்ட்டிலும் அதே கேள்விதான் வரும்.

காரணம் பெரும்பாலும் உங்கள் தமிழ் உதாரணங்களில் இருக்கும். ‘யாரோ’, ‘யாராவது’ இரண்டையும் பாருங்கள்: ‘யாரோ வந்திருக்கிறார்’ சரி, ‘யாராவது வந்திருக்கிறார்’ இடிக்கிறது, ‘யாராவது வந்தால் சொல்’ மறுபடி சரி. நமக்கு இது கேட்டவுடனே தெரிந்துவிடும், தமிழ் தெரியாதவருக்கு ஒவ்வொரு உருபனுக்கும் (பொருள் தரும் மிகச்சிறிய சொல்கூறு) பொருள், அந்த வாக்கியத்தைச் சொன்ன சூழல், ஏற்காத வாக்கியத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி எல்லாம் இருந்தால்தான் உங்கள் வாதம் கண்ணில் படும். சூழலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பொருண்மையியலில் பாதி வாதமே அதில்தான் நிற்கிறது.

முதல் பக்கத்தை மட்டும் தமிழ் தெரியாத மொழியியல் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் சொல்வதை ஒரே வரியில் சொல்லச் சொல்லுங்கள். திணறினால் தர்க்கக் குறியீட்டுச் சூத்திரங்களைக் குறைத்து, முடிவை முதல் பத்திக்கு ஏற்றுங்கள்.

அப்புறம், மதிப்பீடு பெயர் மறைத்து நடப்பது. ‘என் முந்தைய கட்டுரையில்’ என்ற ஒரு வரியோ, பிடிஎஃப் கோப்பின் விவரங்களில் கிடக்கும் உங்கள் பெயரோ காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் எத்தனை சுருக்கம் அனுப்பலாம் என்பதையும் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். தெற்காசிய மொழிகளுக்கான ஃபசால் கருத்தரங்கையும் விடாதீர்கள், இந்தத் தரவு அங்கே நன்றாக எடுபடும்.