உப்பளத்தில் பழகினால் பனியில் கைவரும்

லடாக் போய்வந்த என் மகன் எடுத்த படங்களில் பனியெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிறது. கேமரா பழுதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பழுதில்லை. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் கணக்குப் போடும். ஃப்ரேம் முழுக்கப் பனி என்றால் வெளிச்சம் கூடிவிட்டதென்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடுகிறது. மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் தொடங்கி, வெயிலடிக்கும் பனிக்கு +2 வரை ஏற்றச் சொல்லுங்கள். படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகத் தெரியும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் பனியின் பருக்கையும் வெள்ளை இறகின் வரியும் அழிந்துபோகும். பிறகு எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கறுத்த யாக் மாடு ஒன்று ஃப்ரேமை அடைத்து நின்றால் கணக்கு தலைகீழ்: அப்போது குறைக்க வேண்டும்.

பனியின் நிழல் நீலமாக விழுவதும் குறையல்ல. வானத்தின் ஒளிதான் அங்கே விழுகிறது. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் அதை முழுக்கத் துடைத்துவிட்டால் படத்திலிருந்து குளிரே போய்விடும்.

மறுபடி கிளம்புமுன், அனுமதி கேட்டுக்கொண்டு தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு காலைப்பொழுது பழகட்டும். உப்புக் குவியல் முன்னே நிற்கும் கொக்கைவிட நல்ல பாடம் பக்கத்தில் கிடைக்காது. உப்பும் வெள்ளையாகத் தெரிய வேண்டும், கொக்கின் இறகும் தனியே தெரிய வேண்டும்.

கடுங்குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடுகிறது, லென்ஸும் மங்குகிறது. என்ன செய்வது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது, அவ்வளவுதான். உள்சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூட்டில் பெரும்பகுதி திரும்பிவிடும். மூன்று பேட்டரி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆனால் கேமராவையே ஜாக்கெட்டுக்குள் செருகாதீர்கள். வியர்வை ஈரம் அதில் படிந்து, வெளியே எடுத்ததும் உறையும்.

லென்ஸ் மங்குவது பெரும்பாலும் அறைக்குள் நுழைந்த பிறகுதான், ஐஸ் தண்ணீர்ச் சொம்பு வியர்ப்பதைப்போல. மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடியபின் உள்ளே வாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் திறக்க வேண்டாம். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் லென்ஸின் உள்கண்ணாடிவரை போய்விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவே பூஞ்சைக்கு வழி.

எங்கள் ஊருக்கு வரும் வரித்தலை வாத்தைக் குளிர்ப் பிரதேசத்தில் எடுத்த படங்கள் பார்த்தேன். அது பதிவுதானே, கலை என்கிறார்களே?
– வாசகர், கூந்தன்குளம்

லடாக்கில் சோ மோரிரி போன்ற ஏரிகளில், ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் கோடையில் குஞ்சு பொரிக்கும் பறவை அது. பெரிய லென்ஸால் தலையை மட்டும் நிறைத்து எடுத்தால் இன்ன பறவை என்று தெரியும். அந்த உயரமும் வெறுமையும் தெரியாது. பறவையை ஓரத்தில் சிறிதாக வைத்து, அது பார்க்கும் பக்கம் வெற்றிடம் விட்டுப் பாருங்கள். எவ்வளவு விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அது கலையாகிறது. பனி பெய்யும்போது 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் துகள்கள் புள்ளியாக நிற்கும். 1/60-இல் கோடாக இழுபடும், விலங்கு அசையாமல் இருந்தால் மட்டும். ஆட்டோஃபோகஸ் துகளைப் பிடித்து அலையும் என்பதால் ஒற்றை ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்து, அதை விலங்கின் கண்மேல் வையுங்கள்.

பறக்கும் படம் வேண்டுமென்று பறவையைக் கிளப்பாதீர்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அது சேர்த்த கொழுப்பைக் கரைக்கிறது. லடாக்கானாலும் சரி, உங்கள் குளத்துக் கரையானாலும் சரி, விடியுமுன் போய் உட்கார்ந்துவிட்டால் அதுவே கிட்டத்தில் மேய வரும்.