டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய பத்தியமா?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு வயது 58, எடை 52 கிலோ. மூன்று மாதமாகத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சிறுநீரகம் பழுது என்று தெரிந்த அன்றே மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டோம். பயறுக்கஞ்சி, மரச்சீனி, தெம்புக்கு இளநீர் கொடுக்கிறோம். ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறார். என்ன செய்வது?

பதில்: மீனைத் திரும்பக் கொடுங்கள். இளநீரை இன்றே நிறுத்துங்கள்.

நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது டயாலிசிஸுக்கு முந்தைய பத்தியம். அப்போது சிறுநீரகத்துக்குச் சுமை ஏறக் கூடாது என்று புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், சரிதான். இப்போது கழிவை இயந்திரம் எடுக்கிறது. எடுக்கும்போது கூடவே புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. அதனால் ஒரு கிலோ எடைக்கு தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அப்பாவுக்கு 52 முதல் 62 கிராம். கஞ்சியை வைத்து அதை எட்ட முடியாது. மதியம் 100 கிராம் அயலையோ விளமீனோ, இரவு ஒரு துண்டு, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு என்றால் பெரும்பகுதி வந்துவிடும். துண்டைத் தின்னட்டும், குழம்பைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பும் தேங்காய், புளியின் பொட்டாசியமும் அதில்தான் கிடக்கின்றன. முள்ளோடு தின்னும் நெத்திலியில் பாஸ்பரஸ் அதிகம், எப்போதாவது போதும். கருவாடு வேண்டாம். (கடற்கரைக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான்.) பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், வெறும் வயிற்றில் பயனில்லை.

ஓர் இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேலும் பொட்டாசியம் இருக்கும். அது ரத்தத்தில் ஏறினால் முன்கூட்டி எதையும் காட்டாமல்கூட இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். அப்பாவுக்கு வெள்ளி விட்டால் திங்கள்தான். அந்த நீண்ட இடைவெளியில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, விருந்தாளி, ஏத்தம்பழம், சக்கைப்பழம் எல்லாம் வரும். அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். கை கால் சோர்ந்து தளர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ திங்கள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரச்சீனியை அடியோடு விலக்கச் சொல்ல மாட்டேன். சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். நம் வீடுகளில் எப்படியும் ஒரு தண்ணீர் கொட்டுவோம். புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறையும் வடித்தால் பொட்டாசியம் ஓரளவு இறங்கும். அப்புறமும் ஒரு சின்னக் கிண்ணம்தான், எப்போதாவது.

கஞ்சித் தண்ணீரும் தண்ணீர்க் கணக்குதான். ஒரு நாள் போகும் சிறுநீரின் அளவோடு சுமார் 500 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குள் காபியும் அடங்கும். உப்பைக் குறைத்தால் தாகம் தானே அடங்கும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள், பெரும்பாலும் அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இந்துப்பும் உப்புதான்.

அடுத்த முறை போகும்போது ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ், அல்புமின் (ரத்தப் புரதம்) மூன்றின் அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் காட்டி அப்பாவுக்குப் புதுப் பத்தியச் சீட்டு ஒன்று வாங்குங்கள்.